பெர்லினில் கிண்டர்லாடனா, நகராட்சிக் கிட்டாவா?

பெர்லினுக்கு வேலைக்கு வந்த தமிழ்க் குடும்பங்களின் வாட்ஸாப் குழுக்களில் அடிக்கடி வரும் கேள்வி இது. "பக்கத்துத் தெருவில், அழகான பழைய கட்டடத்தின் தரைத்தளத்தில், பெற்றோரே நடத்தும் கிண்டர்லாடன் ஒன்றில் இடம் தருகிறார்கள். சேர்க்கலாமா, இல்லை நகராட்சிக் கிட்டாவையே பார்க்கலாமா?" கிட்டா என்றால் பள்ளி வயது வராத குழந்தைகளுக்கான பகல் காப்பகம். பெற்றோரே சேர்ந்து நடத்தும் சின்னக் கிட்டாதான் கிண்டர்லாடன். எங்கள் மூத்தவள் போனது கிண்டர்லாடனுக்கு, சின்னவன் போவது நகராட்சிக் கிட்டாவுக்கு. இரண்டிலும் நல்லதும் உண்டு, எரிச்சலும் உண்டு. என் அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் வீட்டில் யாருக்கு எவ்வளவு நேரம் மிச்சமிருக்கிறது என்பதை வைத்துத்தான் இதை முடிவு செய்ய வேண்டும். மற்றதெல்லாம் அதற்கு அடுத்துத்தான்.

ஏனென்றால் பணத்தில் பெரிய வித்தியாசம் கிடையாது. 2018 ஆகஸ்ட் முதல் பெர்லினில் எல்லா வயதுக் குழந்தைகளுக்கும் கிட்டா கட்டணம் இல்லை. மதியச் சாப்பாட்டுக்கு மாதம் 23 யூரோ, அவ்வளவுதான். இளைஞர் நல அலுவலகத்தில் வாங்கும் குட்ஷைன், அதாவது கிட்டாவில் சேர்வதற்கான அனுமதிச் சீட்டு, இரண்டு இடத்திலும் செல்லும். கிண்டர்லாடனில் சங்கச் சந்தா என்று கூடுதலாக ஒரு தொகை இருக்கலாம், அதை மட்டும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். பாடத்திட்டமும் இரண்டுக்கும் ஒன்றுதான், பெர்லின் மாநிலம் வகுத்தது. "கிண்டர்லாடனில் சுதந்திரமாக வளர்க்கிறார்கள், நகராட்சிக் கிட்டாவில் ராணுவம் மாதிரி" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். 1970-களில் அந்தப் பேச்சில் உண்மை இருந்திருக்கலாம். இன்று அது டீச்சரைப் பொறுத்தது.

எழுபதுகளைப் பற்றிச் சொன்னதால், கிண்டர்லாடன் என்ற ஏற்பாடு எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மேற்கு பெர்லினில் 1968 பிப்ரவரியில் வியட்நாம் போர் எதிர்ப்பு மாநாடு நடந்தது. அம்மாக்களும் அதில் கலந்துகொள்ள வேண்டுமென்றால் குழந்தைகளை யாராவது பார்த்துக்கொள்ள வேண்டுமே? சில பெண்கள் சேர்ந்து முறை போட்டுப் பார்த்துக்கொண்டார்கள். அந்தக் காலத்தில் சூப்பர்மார்க்கெட்டுகள் வந்து தெருமுனை மளிகைக்கடைகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்தன. காலிக் கடைகளின் வாடகை குறைவு. அவற்றைப் பிடித்துச் சுவருக்கு வண்ணம் அடித்து, பெற்றோரே நடத்தும் பள்ளிகளைத் தொடங்கினார்கள். அதே வருஷம் செப்டம்பரில் பிராங்பர்ட்டில் நடந்த மாணவர் சங்க மாநாட்டில், ஹெல்கே சாண்டர் என்ற பெண் இதையெல்லாம் வைத்து ஓர் உரை நிகழ்த்தினார். பிள்ளை வளர்ப்பை ஏன் பெண்கள் தலையிலேயே கட்டுகிறீர்கள் என்பதுதான் அதன் சாரம். மேடையில் இருந்த ஆண்கள் அதை விவாதிக்காமல் அடுத்த விஷயத்துக்குப் போகப் பார்த்தபோது, சிக்ரிட் ரூகர் என்ற பெண் எழுந்து தக்காளியை வீசினார். ஜெர்மன் பெண்ணிய வரலாற்றில் அந்தத் தக்காளிக்குத் தனி இடம் உண்டு.

அம்மாக்களுக்கு நேரம் மிச்சம் பிடிக்கத் தொடங்கிய ஏற்பாடு இன்று எந்தக் கிட்டாவையும் விட அதிகமாகப் பெற்றோரின் நேரத்தைக் கேட்கிறது. அந்தக் கணக்குக்குப் பிறகு வருகிறேன், முதலில் கட்டடம்.

க்ரொய்ட்ஸ்பெர்க், நொய்கோல்ன், ஷோனபெர்க் பக்கங்களில் கிண்டர்லாடன்கள் பெரும்பாலும் இருப்பது 1870-க்கும் 1914-க்கும் இடையில் கட்டிய வீடுகளில். தெருவைப் பார்த்துப் பழைய கடையின் பெரிய கண்ணாடி, உள்ளே மூன்றரை மீட்டர் உயரக் கூரை, அதில் சுண்ணாம்புப் பூவேலை. கூரை அவ்வளவு உயரமாக இருப்பதால் பெற்றோரே மரத்தால் ஒரு பரண் கட்டிவிடுவார்கள். கீழே பொம்மை, மேலே மெத்தை, ஏணியில் எந்நேரமும் ஒரு குழந்தை. எங்கள் மகளுடைய இடத்தில் அந்தப் பரணின் கைப்பிடியில் முன்பு படித்த குழந்தைகளின் பெயர்களைக் கத்தியால் செதுக்கி வைத்திருந்தார்கள். பார்த்த உடனே மனசு விழுந்துவிடும். எங்களுக்கும் விழுந்தது.

ஆனால் அந்த அழகெல்லாம் பெரியவர்களின் கண்ணுக்கு. கடையாக இருந்த இடத்தில் கழிப்பறை கூட்டமாக வரும் குழந்தைகளுக்காகக் கட்டியதில்லை. இரட்டைக் கண்ணாடிச் சன்னல் வழியே ஜனவரிக் காற்று தாராளமாக உள்ளே வரும். கட்டடம் பாதுகாக்கப்பட்ட சின்னமாகப் பட்டியலில் இருந்தால் அந்தச் சன்னலை மாற்ற, வாசலில் ஒரு சரிவுப் பாதை போட, எல்லாவற்றுக்கும் அனுமதி வாங்க வேண்டும். 1995-இல் வந்த பெர்லின் சட்டம் அப்படி. தள்ளுவண்டியை நடையில் நிறுத்தினால் வீட்டு நிர்வாகத்திலிருந்து கடிதம் வரும். எல்லாவற்றுக்கும் மேலாக, தோட்டம் இருக்காது. பின்முற்றத்தில் குப்பைத் தொட்டிகளும் சைக்கிள்களும்தான். தினமும் மஞ்சள் சட்டை மாட்டி, கயிற்றைப் பிடித்தபடி பொது விளையாட்டுத் திடலுக்கு ஊர்வலமாகப் போவார்கள்.

நகராட்சிக் கிட்டாக்களில், குறிப்பாகக் கிழக்குப் பகுதியில், நிலைமை தலைகீழ். கிழக்கு ஜெர்மனிக் காலத்தில் கட்டிய சதுரமான கான்கிரீட் கட்டடம். ஒரு புகைப்படம் எடுக்கத் தோன்றாது. உள்ளே போனால் குழந்தையின் இடுப்பு உயரத்தில் வரிசையாக வாஷ்பேசின், சின்னக் கழிப்பறைகள். வெளியே பெரிய தோட்டம், மணல், மரங்கள். மழை விட்டதும் கதவைத் திறந்துவிட்டால் போதும். இந்த விஷயத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை. மூன்று வயதுக் குழந்தைக்குக் கூரைப் பூவேலையை விடச் சேறுதான் முக்கியம்.

சரி, நேரக் கணக்கு. கிண்டர்லாடன் என்பது சட்டப்படி பெற்றோரின் சங்கம். டீச்சர்களுக்கு முதலாளி நீங்கள்தான். ஒருவர் சம்பளக் கணக்கு பார்ப்பார், ஒருவர் வாடகை, பழுது, வீட்டு உரிமையாளர், இன்னொருவர் புது டீச்சருக்கான நேர்காணல். மீதிப் பேர் சமையல், துணி துவைப்பது, வார இறுதியில் தரை துடைப்பது என்று பிரித்துக்கொள்வார்கள். எல்லா இடத்திலும் பெற்றோர் சமைப்பதில்லை, சில இடங்களில் சமையல்காரர் உண்டு. எங்கள் இடத்தில் முறை வைத்துச் சமைத்தோம். மிளகு போடாத வெண்பொங்கலை ஜெர்மன் குழந்தைகள் இரண்டாம் தட்டு கேட்டுச் சாப்பிட்டார்கள், சாம்பாரைத் தொடவில்லை. மாட்டிறைச்சி, பன்றி இறைச்சி பற்றிய கவலையும் இல்லை, மெனுவே நம் கையில். நகராட்சிக் கிட்டாவில் சொன்னால் பன்றி இல்லாமலோ சைவமாகவோ தருவார்கள். ஆனால் சைவம் என்றால் பல நாள் சாஸ் ஊற்றிய நூடுல்ஸ்தான்.

இதில் ஆளை அசரடிப்பது பெற்றோர் கூட்டம். இரவு எட்டு மணிக்குக் குழந்தைகளின் நாற்காலிகளில் முழங்கால் காதைத் தொட உட்கார வேண்டும். பிறந்தநாள் கேக்கில் சர்க்கரை இருக்கலாமா என்று ஒரு மணி நேரம் பேசுவார்கள், ஜெர்மனில். உங்கள் ஜெர்மன் பி1 என்ற இடைநிலை அளவில் இருந்தால் பாதி புரியும், பதில் சொல்ல வாய் திறப்பதற்குள் ஓட்டெடுப்பு முடிந்திருக்கும். வீட்டில் ஒருவர் மட்டும்தான் போவது என்றானால் அது பெரும்பாலும் அம்மாவாகவே இருக்கிறது. 1968-இல் வீசிய தக்காளி நினைவுக்கு வரும்.

டீச்சருக்கு உடம்பு சரியில்லை என்றால்? மொத்தமே மூன்று நான்கு பேர் வேலை செய்யும் இடத்தில் ஒருவர் காய்ச்சலில், ஒருவர் விடுப்பில் என்றால் காலை ஏழு மணிக்குக் கைப்பேசியில் செய்தி வரும்: "இன்று யார் வர முடியும்?" பெரிய கிட்டாவில் இரண்டு குழுக்களைச் சேர்த்துச் சமாளிப்பார்கள், நேரத்தைக் குறைப்பார்கள், உங்களை உள்ளே கூப்பிட மாட்டார்கள். அதற்குப் பதில் அங்கே வேலைநிறுத்தம் உண்டு. 2024-இல் ஆள்பற்றாக்குறையை முன்வைத்து வெர்டி தொழிற்சங்கம் நகராட்சிக் கிட்டாக்களில் பல எச்சரிக்கை வேலைநிறுத்தங்கள் நடத்தியது. செப்டம்பர் கடைசியில் தொடங்கவிருந்த காலவரையற்ற வேலைநிறுத்தத்தை நீதிமன்றம் தடுத்தது. கோரிக்கை நியாயமானதுதான். ஆனாலும் அன்றைய மீட்டிங்குக்கு விடுப்பு கேட்பது நீங்கள்தானே.

இத்தனைக்கும் பிறகு கிண்டர்லாடனை ஏன் ஒரேயடியாகத் தள்ள மாட்டேன் என்றால், அங்கே கிடைத்த மனிதர்கள். தாத்தா பாட்டி, அத்தை, சித்தி யாரும் இல்லாத ஊரில், நடுராத்திரி மருத்துவமனைக்குப் போக வேண்டியிருந்தால் மூத்தவளை யாரிடம் விடுவது என்ற கேள்விக்கு எங்களுக்குப் பதில் இருந்தது. சேர்ந்து தரை துடைத்தவர்களிடம் கூச்சமில்லாமல் கேட்கலாம். நகராட்சிக் கிட்டாவில் சின்னவனோடு படிக்கும் குழந்தைகளின் அப்பா அம்மாக்களுக்கு வணக்கம் சொல்கிறோம், போகிறோம்.

ஆனால் சேர்வதற்கு முன்னால் வாடகை ஒப்பந்தத்தைப் பற்றிக் கேளுங்கள். இதை யாரும் கேட்பதில்லை. கடை இடம் என்பதால் அது வணிக வாடகை, வீட்டு வாடகைக்காரருக்கு உள்ள பாதுகாப்பு கிடையாது. காலவரை குறிக்காத ஒப்பந்தம் என்றால் காரணமே சொல்லாமல், ஏறக்குறைய ஆறு மாத அவகாசத்தில் காலி செய்யச் சொல்லலாம். கெடு வைத்த ஒப்பந்தம் முடிந்தால் வாடகை எவ்வளவு ஏறும் என்பது உரிமையாளரின் இஷ்டம். ஒரு காலத்தில் யாரும் சீண்டாத மூலைக்கடைகள் இன்று காபிக் கடைக்காரர்கள் போட்டி போடும் இடங்கள். நகராட்சிக் கிட்டாவுக்கு இந்தப் பயம் அநேகமாக இல்லை.

சத்தம் என்று மாடிவீட்டுக்காரர் புகார் செய்வாரே என்ற கவலை வேண்டாம். கிட்டாவிலிருந்து வரும் குழந்தைகளின் சத்தம் பொதுவாகத் தொந்தரவாகக் கருதப்படாது என்று 2011-இல் சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். 2019-இல் மியூனிக் வழக்கொன்றில், பத்திரத்தில் கடை, கிடங்கு என்று மட்டும் குறித்திருந்த தரைத்தளத்தில் பெற்றோர்-குழந்தை மையம் நடத்தலாம் என்று உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

டேகஸ்முட்டர் என்று மூன்றாவது வழியும் உண்டு. ஒருவர் தன் வீட்டில் அதிகபட்சம் ஐந்து குழந்தைகளைப் பார்த்துக்கொள்வார். ஒன்று, ஒன்றரை வயதுக்கு அருமை. மூன்று வயதானதும் மறுபடி இடம் தேட வேண்டும்.

இருவரும் முழுநேர வேலை, அதிலும் ஒருவருக்கு ஷிப்ட் என்றால், அல்லது தனியாகக் குழந்தை வளர்ப்பவர் என்றால், யோசிக்காமல் நகராட்சிக் கிட்டா. ஒருவருக்காவது வாரத்தில் ஒரு மதியம் ஓய்வாக இருக்கிறது, ஜெர்மன் ஓரளவு வரும், பெர்லினில் நிறைய வருஷம் இருக்கப்போகிறோம் என்றால் கிண்டர்லாடன். பழைய கட்டடத்தில் மயங்கி மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள்.

முன்பு போலக் கிடைத்த இடத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டிய அவசரமும் இப்போது இல்லை. 2018-இல் இடம் கேட்டுப் பெற்றோர் தெருவில் ஊர்வலம் போனார்கள். பிறப்பு எண்ணிக்கை குறைந்ததால் இப்போது இடங்கள் காலியாகக் கிடக்கின்றன. காலி இடம் சின்னக் கிண்டர்லாடனின் வரவு செலவை உடனே பாதிக்கும். எனவே எத்தனை இடம் நிரம்பியிருக்கிறது என்பதையும் கேளுங்கள். பெற்றோரோடு பழகிப்பார்க்கும் மதியத்துக்குக் கூப்பிடும்போது அவர்கள் உங்களைத் தேர்வு செய்வது போலத் தோன்றும். நீங்களும் பணிப் பட்டியலையும் கடைசிக் கூட்டத்தின் குறிப்பையும் கேட்டு வாங்கிப் படியுங்கள். குட்ஷைனுக்குக் குழந்தை சேரும் தேதிக்கு ஒன்பது மாதம் முன்னாலிருந்து விண்ணப்பிக்கலாம், கடைசிக் கெடு அந்தத் தேதிக்கு இரண்டு மாதம் முன்பு.