ஃபைபர் வள்ளம்: பத்து வருஷம் கடலில் ஓட்டியபின்

கன்னியாகுமரி கடலோரத்தில் எங்கள் வீட்டு ஃபைபர் வள்ளம் பத்து வருஷத்துக்கு மேலாகத் தொழிலுக்குப் போய் வருகிறது. புதிதாக வாங்க நினைக்கிறவர்கள் எல்லோரும் கேட்பது, "எத்தனை வருஷம் உழைக்கும்?" என்றுதான். அதற்கு முன்னால் எந்த யார்டில் (வள்ளம் கட்டும் பட்டறையில்), எந்த மாதத்தில், யார் கையால் அடித்த வள்ளம் என்று விசாரியுங்கள்.

மரம் காட்டிலேயே விளைந்த பொருள். இரும்பு ஆலையில் சோதித்து வருகிறது. ஃபைபரோ வள்ளம் அடிக்கும்போதுதான், அச்சுக்குள்ளேயே உருவாகிறது. கண்ணாடி இழைப் பாயை (மேட்) விரித்து, பாலியெஸ்டர் ரெசின் என்ற திரவப் பிசினில் முதலில் இறுகலை வேகப்படுத்தும் கோபால்ட்டையும் பிறகு இறுக வைக்கும் ஹார்டனரையும் கலந்து, ரோலரால் காற்றை வெளியேற்றியபடி அடுக்கடுக்காக ஏற்றுவார்கள். (கோபால்ட்டையும் ஹார்டனரையும் நேரடியாக ஒன்றோடொன்று கலந்தால் வெடிக்கும். வீட்டில் ஒட்டு வேலை செய்கிறவர்கள் மறக்கக் கூடாது.) ஹார்டனர் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்குதான். உச்சி வெயிலில் கை கொஞ்சம் தாராளமானால் ரெசின் டப்பாவிலேயே இறுகிவிடும். குறைந்தால் பிசுபிசுப்பு போகாது. மழைக்காலத்தில் மேட் ஈரம் வாங்கியிருந்தால் ரெசின் பிடிக்காமல் உள்ளே வெள்ளை வெள்ளையாகத் தெரியும். வெளிப்பக்கத்தை ஜெல்கோட் என்ற வழவழப்பான மேல்பூச்சு மூடியிருப்பதால் வெளியிலிருந்து எதுவும் தெரியாது.

நல்லதைச் சொல்லிவிடுகிறேன். 2004 சுனாமிக்குப் பிறகு நிவாரணமாக வந்த ஃபைபர் படகுகள்தான் இந்தக் கரைகளில் கட்டுமரத்தின் இடத்தைப் பெருமளவு பிடித்தன. உப்புநீரில் ஃபைபர் உளுக்காது, துருப்பிடிக்காது, மரத்தைத் துளைக்கும் கடல்புழு இதைத் தொடாது. வெயிலில் நிறம் மங்கி, கை வைத்தால் மாவு ஒட்டும். அது வெறும் அழகுப் பிரச்சினை.

தொல்லை முழுக்க உள்ளே மறைந்திருக்கும் பிளைவுட்டில். எஞ்சின் மாட்டும் பின்பலகைக்குள் பிளைவுட் வைத்து, மேலே ஃபைபர் போர்த்தியிருப்பார்கள். போல்ட்டுக்குத் துளை போட்ட இடத்தில் ரெசின் பூசி அடைக்காவிட்டால் தண்ணீர் உள்ளே இறங்கும். ஓடு பளபளப்பாக இருக்க, பலகை ஊறிச் சோறாகிவிடும். எங்கள் வள்ளத்தில் பின்பலகையை வெட்டித் திறந்தபோது உள்ளே இருந்ததை விரலால் தோண்டி எடுக்க முடிந்தது. அடுத்த செலவு அடிப்பகுதி. கரையில் மணலில் இழுக்க இழுக்க ஜெல்கோட் தேய்ந்து இழை வெளியே தெரியும். உடைந்த இடத்தைச் சரிவாகக் கிரைண்டரில் தேய்த்துவிட்டுத்தான் புது மேட் ஒட்ட வேண்டும். மேலோட்டமாக ஒட்டினால் அடுத்த அலையில் உரிந்து வரும். தேய்க்கும்போது முகக்கவசமும் முழுக்கைச் சட்டையும் கட்டாயம். அந்தத் தூசியின் அரிப்பு குளித்தாலும் லேசில் விடாது.

பழைய வள்ளம் வாங்கப் போனால் ஒரு நாணயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அணியத்திலிருந்து (முன்முனையிலிருந்து) பின்பலகை வரை தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இடம் கணீரென்று சொல்லும். உள்ளே அடுக்குகள் பிரிந்த இடத்தில் சத்தம் பொத்தென்று விழும். இது கடற்கரை வைத்தியம் மட்டுமல்ல. விமானப் பராமரிப்பிலும் கலப்புப்பொருள் (இழையும் ரெசினும் சேர்ந்த பொருள்) பாகங்களை இப்படித் தட்டிப் பார்க்கும் முறை உண்டு. கூடவே அல்ட்ராசவுண்ட் சோதனையும் செய்வார்கள். போயிங் 787 கட்டமைப்பின் எடையில் ஏறக்குறைய பாதி கலப்புப்பொருள். அங்கே கார்பன் இழையும் எப்பாக்சி என்ற ரெசினும். அளவாக ரெசின் ஏற்றிய இழையை அடுக்கி, அழுத்தமும் சூடும் கொடுக்கும் ஆட்டோகிளேவில் வேக வைக்கிறார்கள். கை அளவை நம்பும் வேலையே இல்லை. விலையும் அப்படித்தான்.

வீடு கட்டும்போது கான்கிரீட்டுக்குள் இரும்புக்கம்பிக்குப் பதில் ஃபைபர் கம்பி போடலாமா என்றும் கேட்கிறார்கள். உப்புக்காற்றில் இரும்புக்கம்பி துருப்பிடித்து ஊதி கான்கிரீட்டைப் பிளப்பதைப் பார்த்தவனுக்கு ஆசை வருவது நியாயம்தான். ஃபைபர் கம்பியின் எடை இரும்பில் கால்வாசி, துருவே கிடையாது. ஆனால் சைட்டில் வளைக்க முடியாது, வளைவுகளை முன்பே செய்து வாங்க வேண்டும். இரும்பு இழுபட்டு எச்சரிக்கும், இது எச்சரிக்காமல் ஒடியும். விறைப்பும் குறைவு என்பதால் இரும்புக்குப் போட்ட கணக்கை அப்படியே வைத்து மாற்றக் கூடாது. என்ஜினியர் கணக்குப் போட்டுத் தராமல் நான் தொட மாட்டேன்.

கடைசியாக, யாரும் கேட்காத கேள்வி: ஓய்ந்த வள்ளத்தை என்ன செய்வது? இறுகிய ரெசினைத் திரும்ப உருக்க முடியாது. காயலான் கடைக்காரர் எஞ்சினை எடுப்பார், ஃபைபர் ஓட்டைத் தொட மாட்டார். முப்பந்தலில் சுற்றும் காற்றாலை இறகுகளும் இதே இனம்தான். ஜெர்மனியில் பழைய இறகுகளை நொறுக்கி சிமெண்ட் சூளையில் எரிபொருளாகவும் மூலப்பொருளாகவும் போடுகிறார்கள். எங்கள் கரையில் கிடக்கும் ஓடுகளை ஏற்றிப்போக இதுவரை ஒரு லாரியும் வரவில்லை.