"உங்க குரலுக்கு ராயல்டி தர்றோமுங்க" என்று போன் வந்தால் கவனம்

சொந்தமாகக் கதை எழுதி, சொந்தக் குரலில் பதிவு செய்து யூடியூபிலும் பாட்காஸ்டிலும் போட்டுவருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். குறிப்பாக ஈரோடு, கோபி, நாமக்கல், திருப்பூர், பொள்ளாச்சிப் பக்கம் இருப்பவர்களுக்கு. கோவையில் அலுவலகம் வைத்திருந்த ஓர் ஆடியோ நிறுவனம் போன வருடம் என்னை ஏமாற்றியது. இப்போது அதே ஆட்கள் வேறு பெயரில் மறுபடியும் கிளம்பியிருக்கிறார்கள். கோபியில் ஓர் ஆசிரியைக்கும் நாமக்கல்லில் கல்லூரியில் படிக்கும் ஒரு பெண்ணுக்கும் போன் வந்திருக்கிறது. அதே பேச்சு, வருமானத்தில் ஐம்பது சதவீதம் உங்களுக்கு என்ற அதே கணக்கு. வழக்கு நடப்பதால் நிறுவனத்தின் பெயரைப் போட வேண்டாம் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். அதனால் அவர்கள் வேலை செய்யும் விதத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். பெயரை மாற்றினார்களே தவிர விதத்தை மாற்றவில்லை.

நான் பவானிக்காரி. தறிவீடுகளை வைத்துக் கதை எழுதுகிறேன். கதையில் வரும் பேச்சு முழுக்க எங்கள் ஊர்ப் பேச்சு. எங்கள் தெருவில் விசைத்தறி ராத்திரி பகலாக ஓடும், மைக்கை எங்கே வைத்தாலும் தடக் தடக் என்று உள்ளே வந்துவிடும். அதனால் மின்வாரியம் பராமரிப்புக்காகக் காலை ஒன்பது மணியிலிருந்து மாலை வரை கரண்ட்டை நிறுத்தும் நாளுக்காகக் காத்திருப்பேன். அன்றைக்குத் தெருவே அடங்கியிருக்கும். சுவரில் கனமான ஜமக்காளங்களைத் தொங்கவிட்டு, ஜன்னலைச் சாத்தி, லேப்டாப் பேட்டரி தீரும் வரை வாசிப்பேன். எதிரொலியை அடக்க ஜமக்காளம் நன்றாகவே உதவும். ஃபேன் இல்லாததால் வேர்த்து ஊற்றும். ஆனால் அந்தப் பதிவின் சுத்தம் வேறு நாளில் கிடைக்காது. ஒரு கதைக்கு எவ்வளவு பாடு இருக்கிறது என்று இந்த வேலை செய்கிறவர்களுக்குத் தெரியும். அந்த உழைப்பைத்தான் இவர்கள் தூக்கிக்கொண்டு போனார்கள்.

போன் செய்தவர் மிகவும் மரியாதையாகத்தான் பேசினார். "ஏனுங்க்கா, உங்க கதையெல்லாம் எங்க டீமே உக்காந்து கேட்டோமுங்க. இந்தக் குரலு யூடியூப்ல கெடக்க வேண்டிய குரலே இல்லீங்க்கா" என்றார். கதைகளை எல்லா ஆடியோ தளங்களிலும் ஏற்றுவார்களாம், வருமானத்தில் பாதி எனக்காம். ஸ்டுடியோ மாஸ்டரிங் (பதிவின் ஒலியைச் சீர்செய்வது), அட்டைப்படம், காப்புரிமைப் (காப்பிரைட்) பதிவு எல்லாம் சேர்த்து ஒரே தடவை 18,000 ரூபாய் கட்டினால் போதும் என்றார்கள். வாட்ஸாப்பில் ஒப்பந்தத்தின் பிடிஎஃப் வந்தது. ஒலிவடிவ உரிமை மட்டும், இரண்டு வருடத்துக்கு மட்டும், என் சேனலில் நான் தொடர்ந்து போட்டுக்கொள்ளலாம் என்று அதில் தெளிவாக இருந்தது. அதைப் படித்துப் பார்த்து, வக்கீலாக இருக்கும் எங்கள் பெரியப்பா மகனிடமும் காட்டினேன். சரியாகத்தான் இருக்கிறது என்றார்.

கையெழுத்துக்குக் கோவைக்கு வரச் சொன்னார்கள். ஸ்டாம்ப் பேப்பரில் அச்சடித்து வைத்திருந்தார்கள். அன்றைக்கு நான் படித்ததும் பிடிஎஃப்பில் இருந்த அதே வாசகம்தான். கடைசிப் பக்கத்தில் மட்டும் கையெழுத்து வாங்கினார்கள். "நகல் கொரியர்ல வருமுங்க்கா" என்றார்கள். அந்தக் கொரியர் வரவே இல்லை.

பல மாதம் கழித்து, வக்கீல் நோட்டீஸ் போன பிறகுதான் நகல் கிடைத்தது. நடுப் பக்கங்கள் இரண்டும் வேறாக இருந்தன. "அனைத்து ஊடகங்களிலும், உலகம் முழுவதும், காலவரையின்றி, தனியுரிமையாக" என்று ஒரு வரி. "குரலை எந்தத் தொழில்நுட்பத்தின் வழியாகவும் மறுஉருவாக்கம் செய்துகொள்ளலாம்" என்று இன்னொரு வரி. அதாவது என் குரலைக் கம்ப்யூட்டருக்குப் பழக்கி, நான் வாசிக்காத கதையையும் என் குரலிலேயே வெளியிடலாம். இதெல்லாம் நான் பார்த்த காகிதத்தில் கிடையாது. அசலைக் காட்டச் சொல்லி வக்கீல் விடவில்லை. கையெழுத்து இருந்த கடைசிப் பக்கத்திலும் முதல் பக்கத்திலும் ஸ்டேப்ளர் துளை இரண்டு ஜோடி இருந்தது. நடுப் பக்கங்களில் ஒரே ஒரு ஜோடி. பின்னைக் கழற்றி, பக்கத்தை மாற்றி, மறுபடியும் அடித்திருக்கிறார்கள். இப்போது எங்கள் வழக்கே அந்தத் துளைகளையும், தேதியோடு வாட்ஸாப்பில் இருக்கும் பழைய பிடிஎஃப்பையும் நம்பித்தான் நிற்கிறது.

எந்த ஒப்பந்தமானாலும் ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போடுங்கள். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றைக் கையோடு வாங்கிக்கொண்டுதான் எழுந்திரிக்க வேண்டும். கொரியரில் அனுப்புகிறோம் என்றால், வந்த பிறகு பணம் கட்டுகிறேன் என்று சொல்லிவிடுங்கள். குறைந்தபட்சம், கையெழுத்துப் போட்ட இடத்திலேயே எல்லாப் பக்கத்தையும் போனில் படம் எடுத்துவிடுங்கள்.

அடுத்தது அந்த 'ஸ்டுடியோ மாஸ்டரிங்'. இதைப் பற்றிப் பேசினால் இன்னும் எனக்கு வயிறு எரிகிறது. சத்தத்தைக் குறைக்கும் வசதி இலவசமாகக் கிடைக்கும் ஆடாசிட்டி என்ற ஒலித்திருத்த மென்பொருளிலேயே இருக்கிறது. யாரும் பேசாத சில நொடிகளைக் காட்டி, "இதுதான் இரைச்சல்" என்று அதற்குச் சொல்லிக்கொடுத்தால், மீதிப் பதிவிலிருந்து அதைக் கழித்துவிடும். அளவோடு செய்தால் நல்லது. அளவு மீறினால் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவது போலாகிவிடும், மெல்லிய ஒலிகளும் இரைச்சலோடு சேர்ந்து போய்விடும். எங்கள் ஊர்ப் பேச்சில் "சரிங்", "வாங்", "ஆமாங்" என்று கடைசியில் மூக்கொலி மெல்லத் தேய்ந்து முடியும். அதைத்தான் அந்த மாஸ்டரிங் அறுத்தெறிந்திருந்தது. என் கதையில் ஓர் அம்முச்சி (பாட்டி), வீட்டுக்கு வரும் சின்னப் பையனைக்கூட "வாங் கண்ணு" என்றுதான் கூப்பிடுவாள். அவர்கள் வெளியிட்ட பதிவில் அவள் "வா கண்ணு" என்கிறாள். மாமியாரிடம் மருமகள் "சரி, சரி" என்று வெடுக்கென்று பேசுகிறாள். கேட்கிறவர்களுக்கு அந்தக் குடும்பமே வேறு குடும்பம். நான் அனுப்பிய வேவ் கோப்பையும் அவர்களுடையதையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்துப் பார்த்தேன். என்னுடையதில் அலை மெல்லச் சரிந்து முடியும் இடமெல்லாம் அவர்களுடையதில் கத்தியால் வெட்டியது போல நேராக நின்றது. மூச்சு எடுக்கும் இடமும் கிடையாது. பொத்தானை ஒரு தடவை அமுக்கிய வேலைக்கு மாஸ்டரிங் என்று பெயர் வைத்துப் பணம் வாங்கியிருக்கிறார்கள். நீங்கள் யாரிடம் கொடுத்தாலும் முதலில் ஐந்து நிமிடப் பதிவை மட்டும் கொடுத்து, திரும்பி வந்ததை ஹெட்போனில் கேட்டுப் பார்த்த பிறகு மீதியைக் கொடுங்கள்.

காப்புரிமைப் பதிவு என்று வாங்கிய பணத்தின் கதை இன்னும் மோசம். இந்தியாவில் கதை எழுதிய உடனேயே காப்புரிமை எழுதியவருக்கு வந்துவிடுகிறது, பதிவு கட்டாயமில்லை. அவருடைய ஆயுள் முழுக்கவும், அதற்குப் பிறகு 60 ஆண்டுகளும் அது இருக்கும். ஆதாரத்துக்காகப் பதிவு செய்ய விரும்பினால் காப்புரிமை அலுவலகத்தின் இணையதளத்தில் நாமே விண்ணப்பிக்கலாம். ஓர் எழுத்துப் படைப்புக்கு அரசுக் கட்டணம் 500 ரூபாய், ஒலிப்பதிவுக்கு 2,000 ரூபாய். விண்ணப்பித்த பிறகு ஆட்சேபம் வருகிறதா என்று பார்க்க 30 நாள் காத்திருப்பு உண்டு. அதனால் பத்தே நாளில் சான்றிதழ் என்று யாராவது சொன்னால் அந்த இடத்திலேயே பேச்சை முடித்துவிடலாம். எனக்கு அப்படித்தான் சொன்னார்கள். நோட்டீஸுக்குப் பிறகு விண்ணப்பத்தின் நகலை வாங்கிப் பார்த்தால், உரிமையாளர் என்ற இடத்தில் நிறுவனத்தின் பெயர் இருக்கிறது. என் கதையை அவர்கள் பெயரில் பதிவு செய்ய என்னிடமே பணம் வாங்கியிருக்கிறார்கள். ஆட்சேபம் தெரிவித்திருக்கிறோம்.

இதெல்லாம் வெளியே தெரிந்தது எப்படி என்றால், ஒருநாள் என் சேனலில் இருந்த என் கதைக்கே யூடியூபில் உரிமைக்கோரல் வந்தது. அவர்கள் ஒரு விநியோக நிறுவனம் வழியாக என் பதிவை எல்லாத் தளங்களுக்கும் அனுப்பியிருக்கிறார்கள், யூடியூபின் கண்டென்ட் ஐடி என்ற உரிமை கண்டுபிடிக்கும் ஏற்பாட்டிலும் சேர்த்திருக்கிறார்கள். அந்த ஏற்பாடு ஒலியை ஒப்பிட்டுப் பார்த்துத் தானாகவே பிடிக்கும். எது முதலில் வந்தது என்று அதற்குத் தெரியாது. தேடிப் பார்த்தால் கதையின் தலைப்பு மாறியிருக்கிறது, எழுதியவர் என்று எவரோ ஒருவர் பெயர், குரல் என்ற இடத்தில் நிறுவனத்தின் பெயர். என் சேனலில் வரும் விளம்பர வருமானம் அவர்களுக்குப் போகத் தொடங்கியிருந்தது.

இங்கே நாள் கணக்கு முக்கியம். கோரல் வந்த 5 நாளுக்குள் மறுப்பு தெரிவித்தால் முதல் நாளிலிருந்தே வருமானத்தை யூடியூப் யாருக்கும் கொடுக்காமல் நிறுத்தி வைக்கும். தாமதித்தால் மறுப்பு தெரிவித்த நாளிலிருந்துதான். மறுப்புக்குப் பதில் சொல்ல அவர்களுக்கு 30 நாள் உண்டு. அவர்கள் நிராகரித்தால் நாம் மேல்முறையீடு செய்யலாம், அதற்குப் பதில் சொல்ல 7 நாள்தான். அப்போதும் விடாமல் வீடியோவையே நீக்கச் சொல்லி அவர்கள் கோரினால், நம் சேனலுக்கு ஸ்ட்ரைக் (காப்புரிமை மீறல் எச்சரிக்கை) விழ வாய்ப்புண்டு. 90 நாளுக்குள் மூன்று விழுந்தால் சேனலே போய்விடும். இதைச் சொல்லித்தான் என்னை மிரட்டினார்கள். முதலில் "அக்கா" என்று கூப்பிட்ட அதே ஆள், "உங்க சேனல் இருக்கணுமா வேண்டாமான்னு நீங்களே முடிவு பண்ணிக்கங்க" என்றார். நான் மேல்முறையீடு செய்தேன். பழைய பதிவேற்றத் தேதி, வெட்டாத மூலப் பதிவு, வாட்ஸாப் பிடிஎஃப் எல்லாவற்றையும் குறிப்பிட்டேன். 7 நாளும் அவர்களிடமிருந்து பதில் இல்லை, அவர்கள் கோரல் தானாகவே நீங்கிவிட்டது. மற்ற தளங்களில் சில இடங்களில் இன்னும் என் குரல் வேறொருவர் பெயரில் ஓடிக்கொண்டிருக்கிறது. கட்டிய பணமும் வரவில்லை.

மூலப் பதிவை எக்காரணத்துக்காகவும் அழிக்காதீர்கள். தடுமாறிய வரியைத் திரும்ப வாசித்தது, நடுவில் வெளியே நாய் குரைத்தது, தண்ணீர் குடித்தது எல்லாம் இருக்கும் அந்த முழு வேவ் கோப்பு உங்களிடம் மட்டும்தான் இருக்க முடியும். வெளியே யாருக்கும் வெட்டித் திருத்திய பதிவை மட்டும் அனுப்புங்கள்.

பாட்காஸ்ட் கணக்கின் கடவுச்சொல்லையும் கொடுக்காதீர்கள். "எங்க சர்வருக்கு மாத்தித் தர்றோம்" என்று கேட்பார்கள். பாட்காஸ்ட் என்பது உள்ளே ஓர் ஆர்எஸ்எஸ் முகவரி, அதாவது புதுப் பதிவுகளைக் கேட்கிறவர்களின் செயலிக்குக் கொண்டுசேர்க்கும் இணைய முகவரி. அந்த முகவரியை வேறிடத்துக்குத் திருப்பிவிட்டால் உங்களைக் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் அத்தனை பேரும் தங்களுக்கே தெரியாமல் அங்கே போய்விடுவார்கள். திருப்பூரில் எனக்குத் தெரிந்த ஒருவருக்கு இது நடந்தது. வருடக்கணக்கில் சேர்த்த நேயர்களை இழந்துவிட்டு, இப்போது முதலிலிருந்து தொடங்கியிருக்கிறார்.

ஏற்கெனவே கையெழுத்துப் போட்டு மாட்டிக்கொண்டவர்கள் பயந்து ஒதுங்க வேண்டாம். 1957ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டம் நமக்குச் சாதகமாகவே இருக்கிறது. 19ஆவது பிரிவுப்படி, உரிமை மாற்றம் எழுத்தில் இருக்க வேண்டும், எழுதியவர் கையெழுத்து வேண்டும், எந்தப் படைப்பு, எந்தெந்த உரிமை என்றும் அதில் இருக்க வேண்டும். காலம் குறிப்பிடவில்லை என்றால் 5 ஆண்டு என்றுதான் எடுத்துக்கொள்ளப்படும், இடம் குறிப்பிடவில்லை என்றால் இந்தியாவுக்குள் மட்டும். வாங்கிய உரிமையை ஒரு வருடத்துக்குள் அவர்கள் பயன்படுத்தவில்லை என்றால், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாதவரை அது காலாவதியாகிவிடும். எனக்கு இவற்றைவிடப் பெரிய பலம் 57ஆவது பிரிவு. உரிமையை முழுசாக விற்றுவிட்டாலும் "இதை எழுதியது நான்தான்" என்று சொல்லும் உரிமை எழுதியவரை விட்டுப் போகாது. 2012 திருத்தத்துக்குப் பிறகு வாசிக்கிறவருக்கும் தன் பெயரைக் கோரும் உரிமை இருக்கிறது. வழக்குப் போட அவர்கள் ஊருக்கு அலைய வேண்டியதில்லை. 62ஆவது பிரிவு, நாம் குடியிருக்கும் இடத்து மாவட்ட நீதிமன்றத்திலேயே தொடுக்க வழி தருகிறது. எங்கள் வழக்கு ஈரோட்டில்தான் இருக்கிறது. பணம் ஏமாந்திருந்தால் உடனே 1930 என்ற எண்ணுக்கு அழைத்துச் சைபர் குற்றப் பிரிவிலும் பதிந்துவிடுங்கள்.

எல்லா ஆடியோ நிறுவனங்களும் இப்படி இல்லை. நேர்மையாகப் பணம் கொடுத்து, பெயரும் போட்டு வெளியிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் எழுதியவரிடமிருந்து பணம் கேட்பதில்லை. என் அனுபவத்தில் அந்த ஒன்றை வைத்தே பிரித்துவிடலாம்.

இப்போது வரும் போனில் முதல் பேச்சு, "உங்க கதை ஒண்ணு வைரல் ஆகுமுங்க, நாங்க கண்டுபிடிச்சிருக்கோம்" என்பதாக இருக்கிறதாம். கோவை அலுவலகத்தைக் காலி செய்துவிட்டார்கள், இந்தத் தடவை பொள்ளாச்சியிலோ திருப்பூரிலோ ஏதாவது ஹோட்டலில் சந்திக்கக் கூப்பிடுகிறார்கள். ஏற்கெனவே கையெழுத்துப் போட்டவர்கள் உங்கள் நகலில் ஸ்டேப்ளர் துளையை முதலில் பாருங்கள், என்னிடமும் சொல்லுங்கள். இன்னும் இரண்டு பேருடைய காகிதம் கிடைத்தால், இது ஒருவருக்கு மட்டும் நடந்ததல்ல என்று ஈரோட்டில் காட்ட முடியும் என்கிறார் வக்கீல்.