இரண்டு கண் இரும்பு விறகு அடுப்பு: தகட்டைத் தட்டுவதற்கு முன்னால் குழாயைப் பாருங்கள்

காங்கேயத்துக்கும் வெள்ளகோவிலுக்கும் நடுவில் எங்கள் தோட்டம். வீட்டுக்குப் பின்னால் பொடக்காளியில் ஓட்டுச் சாய்ப்பு ஒன்று உண்டு. போன வருடம் தை மாதம் அங்கே ஒரு இரும்பு விறகு அடுப்பு வைத்தோம். கம்பெனிச் சரக்கு இல்லை, வெல்டிங் பட்டறை ஒன்றில் அளவு சொல்லிச் செய்தது. அடுப்புக்கு 12,500 ரூபாய். குழாய்க்கும் கூரை வேலைக்கும் தனியாக 6,000 ரூபாய்க்கு மேல் ஆனது. ஆடிக்காற்று, ஐப்பசி மழை, நோம்பி நாள், தோட்டத்து ஆட்களுக்கான சமையல் எல்லாவற்றையும் இந்த அடுப்பு பார்த்துவிட்டது. அதனால் இப்போது தைரியமாகச் சொல்லலாம்: அடுப்பு நல்ல அடுப்பு, வாங்கலாம். ஆனால் வாங்கப் போகிறவர்கள் தகட்டைத் தட்டிப் பார்த்து விலை பேசுகிறார்கள், குழாயை யாரும் கண்டுகொள்வதில்லை. வீட்டுக்கு ஆபத்து வந்தால் குழாய் வழியாகத்தான் வரும். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் உடம்பு. 4 மில்லிமீட்டர் இரும்புத் தகடு, மேலே வார்ப்பிரும்புத் தட்டு, தட்டில் இரண்டு கண். முன் கண்ணுக்கு நேர் கீழே தீ. பின் கண் நம் கொடியடுப்புதான், குழாய்க்குப் போகிற சூட்டில் வேகும். முன்னால் அரிசிம்பருப்புச் சோறு வெந்து இறங்குவதற்குள் பின்னால் ஒரு குண்டான் வெந்நீர் காய்ந்துவிடும். தீ எரிகிற அறைக்குள் இரண்டு பக்கமும் ஃபயர் பிரிக், அதாவது தீ தாங்கும் செங்கல், பதித்திருக்கிறார்கள். அது இல்லாத அடுப்பைப் பட்டறையில் 8,000 ரூபாய்க்குக் காட்டினார்கள். அதை வாங்க வேண்டாம் என்பேன். கல் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்வதால் தகடு கோணாது, விறகும் முழுசாக எரியும்.

அடியில் கம்பிச் சல்லடை, அதற்குக் கீழே சாம்பல் தட்டு, முன்னால் தள்ளித் திறக்கிற காற்றுக் கதவு. பின்சுவரில் மேல்பக்கமாக வரிசையாகச் சின்னத் துளைகள் இருக்கின்றன. அந்தத் துளைகளை நான் கேட்டுப் போட வைத்தேன். விறகு சூடேறினால் எரியக்கூடிய வாயு கிளம்பும். அந்த இடத்தில் காற்று கிடைத்தால் அது தீயாகும், கிடைக்காவிட்டால் புகையாகிக் குழாயில் படியும். குறை என்றால், சாம்பல் தட்டுக்கு ஆழம் போதாது. காற்றுக் கதவின் பிடியும் வெறும் இரும்பு, துணி இல்லாமல் தொட முடியாது. இரண்டும் பட்டறையிலேயே சரி செய்து தரக்கூடியவைதான், முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

இனி குழாய். அடுப்போடு கொடுத்தது 4 அங்குல ஜி.ஐ. குழாய், அதாவது துத்தநாகம் பூசின இரும்புக் குழாய், மெல்லிசுத் தகடு. மாட்ட வந்தவர் கீழ்த்துண்டின் வாய் மேல்துண்டுக்குள் போகிற மாதிரி ஒவ்வொன்றையும் செருகிவிட்டுப் போனார். புகை மேலேதானே போகிறது, அதனால் அப்படித்தான் மாட்ட வேண்டும் என்று அவர் கணக்கு. கொஞ்ச நாளிலேயே மூட்டுக்கு மூட்டு காப்பித் தண்ணி நிறத்தில் வழிந்து சுவரெல்லாம் கறை, கருகல் நாற்றம். குழாய்க்குள் புகை குளிர்ந்தால் அதிலிருக்கும் தண்ணீரும் தாரும் சேர்ந்து கீழ்நோக்கி வழியும். அதனால் மேல்துண்டின் ஒடுங்கிய வாய்தான் கீழ்த்துண்டுக்குள் இறங்க வேண்டும். அப்போது வழிகிறது உள்ளேயே வழிந்து அடுப்புத் தீயில் எரிந்துபோகும். அப்படி வைத்தால் புகை கசியாதா என்று கேட்பார்கள். இழுப்பு சரியாக உள்ள குழாயில், மூட்டில் இடுக்கு இருந்தால் வெளிக்காற்றுதான் உள்ளே போகும், புகை வெளியே வராது.

இதைச் சொல்லியும் பட்டறையில் ஒத்துக்கொள்ளவில்லை. அப்புறம் வேறு ஆளைப் பிடித்துக் குழாய் முழுவதையும் கழற்றித் திருப்பி மாட்டினோம். அதோடு அடுப்பை ஒட்டின முதல் மூன்றடிக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழாய் போட்டோம். ஜி.ஐ. தகட்டின் துத்தநாகப் பூச்சு 200 டிகிரி செல்சியசுக்கு மேல் நிலைக்காது, உரிந்துபோகும். அடுப்பை ஒட்டின இடத்தில் சூடு சுலபமாக அதற்கு மேல் ஏறும்.

அடுத்தது கூரை. எங்கள் சாய்ப்பில் ஓட்டைத் தாங்குகிற பனங்கைகள் (பனைமரச் சட்டங்கள்) நெருக்கமாக இருக்கின்றன. முதலில் மாட்டியபோது குழாய் ஒரு பனங்கையை உரசாத குறையாகப் போயிருந்தது. ஒற்றைத் தகட்டுக் குழாய்க்கும் மரத்துக்கும் நடுவே 18 அங்குலம் விட வேண்டும் என்பது புகைபோக்கி வேலையில் இருக்கிற பொதுக் கணக்கு. இன்றைக்கு ஒன்றும் ஆகவில்லை என்று விட்டுவிடக் கூடாது. வருடக்கணக்கில் சூடுபட்டு உலர்ந்த மரம், சாதாரண மரத்தைவிடக் குறைந்த சூட்டிலேயே பற்றிக்கொள்ளும். இரண்டு பனங்கைகளை இடம் மாற்றி, ஓடு எடுத்த இடத்தில் இரும்புத் தகடு பதித்து, அதன் வழியாகக் குழாயை மேலே விட்டோம். குழாய், கூரைச் செலவில் பெரும்பகுதி இதற்குத்தான் போனது, அதில் எனக்கு வருத்தமே இல்லை. கூரை ஓலையாக இருந்தால் இந்த அடுப்பை அதன் கீழே வைக்கவே வைக்காதீர்கள். ஒரு பொறி போதும்.

உயரத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. கூரையைத் துளைக்கிற இடத்திலிருந்து குறைந்தது 3 அடி, அதோடு 10 அடிக்குள் இருக்கிற எதையும்விட 2 அடி கூடுதல். எங்கள் பக்கம் இது இன்னும் முக்கியம். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற மேல்காற்று தாராபுரம், காங்கேயம் வரைக்கும் அடித்து நொறுக்கும். சாய்ப்பு தாழ்வு, வீட்டு முகடு உயரம். குழாய் முகட்டுக்குக் கீழே நின்றதால் போன ஆடியில் காற்று முகட்டில் மோதிக் கீழே இறங்கி, புகையைத் திருப்பி அடுப்பு வாய் வழியாகவே தள்ளியது. இன்னொரு துண்டு போட்டு முகட்டுக்கு மேலே ஏற்றிய பிறகு அந்தத் தொந்தரவு இல்லை. உயர்ந்த குழாய்க்கு மூன்று பக்கம் கம்பி இழுத்துக் கட்ட வேண்டும். தலையில் மழைத்தொப்பி வைக்க வேண்டும்.

என் அம்மா வீட்டிலும் ஒரு காலத்தில் சிமெண்ட் குழாய் வைத்த புகையில்லா அடுப்பு இருந்தது. 1983ல் மத்திய அரசு மேம்பட்ட அடுப்புத் திட்டம் கொண்டுவந்ததற்குப் பின்னால் ஊர் ஊராக அந்த மாதிரி அடுப்புகள் வந்தன. கட்டிக் கொடுத்தார்கள், ஆனால் குழாயைத் துடைக்க வேண்டும் என்று அம்மாவுக்கு யாரும் சொல்லவில்லை. அடைத்துக்கொண்டதும் புகை வீட்டுக்குள் வந்தது, அம்மா அதை இடித்துவிட்டுப் பழைய மண் அடுப்புக்கே போய்விட்டார். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி வீட்டுக்குள் எரிகிற அடுப்புப் புகையாலும் அது போன்ற மாசாலும் 2020ல் மட்டும் சுமார் 32 லட்சம் பேர் இறந்திருக்கிறார்கள். அம்மாவின் இருமலைக் கேட்டு வளர்ந்த எனக்கு அது வெறும் எண்ணாகத் தெரியவில்லை.

விறகு விஷயத்தில் வீட்டில் ஒரு வாக்குவாதம் நடந்தது. "அம்மிணி, பச்சை வெறகு போட்டாத்தான் நின்னு எரியும்" என்பார் என் மாமியார். "இல்லீங்க அத்தை, அது நின்னு எரியறதில்லீங்க, தண்ணி காயற வரைக்கும் புகையுது" என்று நானும் சொல்லிக்கொண்டே இருந்தேன். புதிதாக வெட்டிய மரத்தின் எடையில் பாதி வரைக்கும் தண்ணீராக இருக்கும். தீயின் சூடு அந்தத் தண்ணீரை ஆவியாக்குவதற்கே போய்விடும், புகை குளிர்ந்து குழாயில் தாராகப் படியும். ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே வந்தால்தான் அது விறகு. எங்கள் கொரங்காட்டில், அதாவது மேய்ச்சல் காட்டில், விழுகிற வெள்வேல் கிளைகளையும் குட்டையோரத்துச் சீமைக்கருவேலத்தையும் மாசி, பங்குனியில் வெட்டி, மணிக்கட்டுப் பருமனுக்குப் பிளந்து, தரையில் படாமல் கல்மேல் அடுக்கி, மேலே மட்டும் தகரம் போட்டு வைக்கிறோம். பக்கம் திறந்திருக்க வேண்டும், காற்றுதான் உலர்த்தும். இரண்டு துண்டைத் தட்டினால் கணீரென்று கேட்கும், முனையில் வெடிப்பு ஓடியிருக்கும், அப்போது எரிக்கலாம். ஐப்பசி மழையில் அத்தையே காய்ந்த விறகைத் தேடி எடுக்க ஆரம்பித்துவிட்டார்.

தேங்காய்த் தொட்டிக்கு (சிரட்டைக்கு) காங்கேயத்தில் பஞ்சமில்லை, கொப்பரைக் களங்கள் சுற்றிலும் இருக்கின்றன. ஆனால் தொட்டியின் சூடு கடுமை. கைப்பிடி அளவுக்கு மேல் போட்டால் வார்ப்பிரும்புத் தட்டு சிவக்கத் தொடங்கும். சிவந்தால் உடனே காற்றுக் கதவை மூடி அடக்க வேண்டும், தண்ணீர் தெளிக்கக் கூடாது, வார்ப்பிரும்பு வெடித்துவிடும். அரளிக் கட்டை, பெயிண்ட் அடித்த பலகை, பிளைவுட் எதுவும் உள்ளே போகக் கூடாது, புகையே நஞ்சு. பற்ற வைக்கப் பாலிதீன் பை போடுகிற பழக்கம் ஊரெல்லாம் பரவிவிட்டது, எங்கள் வீட்டில் அதை அடியோடு நிறுத்திவிட்டேன். காய்ந்த பன்னாடையும் தென்னோலையும் இருக்கும்போது அது எதற்கு? குழாய் குளிர்ந்து கிடக்கிற காலை வேளையில் குழாயின் அடியில் துடைப்பதற்காக இருக்கிற மூடியைத் திறந்து ஓலை ஒரு பிடியை அங்கே கொளுத்தினால் குழாய் சூடேறி இழுக்க ஆரம்பிக்கும். மூடியைப் போட்டுவிட்டு அப்புறம் விறகைப் பற்ற வைத்தால் அறைக்குள் புகை வராது.

இரவில் தணல் நிற்கட்டும் என்று காற்றுக் கதவை முழுக்க மூடிவிட்டுப் படுப்பது பல வீடுகளில் வழக்கம். காற்றுக் குறைந்து முனகி எரிகிற தீதான் குழாயை அதிகமாக அடைக்கும். கார்பன் மோனாக்சைடும் அதில்தான் அதிகம் வரும். அதற்கு நிறமில்லை, வாசனையில்லை. வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி, குமட்டல் என்றால் காரணம் தேடிக்கொண்டு நிற்காமல் வெளியே வந்துவிட வேண்டும். சாய்ப்பு ஜன்னலை நாங்கள் மூடுவதில்லை. குளிர்காலத்தில் அடுப்புப் பக்கம் யாரையும் படுக்கவிடுவதில்லை.

துடைப்பதற்குக் குழாயின் விட்டத்துக்குச் சரியான வட்டக் கம்பி பிரஷ் வேண்டும். பட்டறையில் தரமாட்டார்கள், ஹார்டுவேர் கடையில் கேட்டு வாங்கிக் கம்பியில் கட்டிக்கொண்டோம். மாதம் ஒரு முறை அடி மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்க்கிறோம். படிவு 3 மில்லிமீட்டர் கனத்தைத் தொட்டால் தள்ளிப்போடாமல் சுரண்டிவிட வேண்டும். உதிர்கிற கரி என்றால் பரவாயில்லை. பளபளவென்று கண்ணாடிபோல் ஒட்டியிருந்தால் அது தார், விறகு ஈரம் என்று அர்த்தம். அதில் தீப்பிடித்தால் குழாய் உறுமும், அதிரும். அப்போது காற்றுக் கதவை மூடிவிட்டு எல்லோரையும் வெளியேற்றி 101க்குச் சொல்ல வேண்டும். குழாய்க்குள் தண்ணீர் ஊற்றக் கூடாது.

சாம்பலை மூடி போட்ட இரும்பு வாளியில் எடுத்து, வெளியே வெறும் மண்மேல் வைத்து, இரண்டு நாள் கழித்துத்தான் தென்னைக்குப் போடுகிறோம். மேலே ஆறிய சாம்பலுக்கு அடியில் ஒரு நாளைக்கு மேலும் தணல் உயிரோடு இருக்கும். சாணிக் குப்பையிலோ சாக்கிலோ கொட்டி வைக்கோல் போர் எரிந்த கதை எங்கள் ஊரிலேயே உண்டு. காஸ் சிலிண்டரை இந்தச் சாய்ப்பில் வைக்கவில்லை. காஸ் காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையோடு ஊர்ந்து தீயைத் தேடி வரும். அடுப்பு முன்னால் நிற்கும்போது நைலக்ஸ் சேலை வேண்டாம், பருத்தி கட்டி முந்தானையைச் செருகிக்கொள்ளுங்கள்.

வெந்நீருக்கு அடுப்புக்குள்ளேயே சுருள் குழாய் வைத்துத் தருவதாகவும் பட்டறையில் சொன்னார்கள், 3,000 ரூபாய் கூடுதல். ஆவி வெளியேறத் திறந்த குழாய் எங்கே வைப்பீர்கள் என்று கேட்டதற்குப் பதில் இல்லாததால் விட்டுவிட்டேன். அடைத்த குழாயில் தண்ணீர் கொதித்தால் வெடிக்கும்.

சொந்தத் தோப்பு, வேலி என்று விறகு கையில் இருக்கிறவர்களுக்கும், ஓடோ தளமோ போட்ட தனிச் சாய்ப்பு உள்ளவர்களுக்கும் இந்த அடுப்பு நன்றாகப் பொருந்தும். டவுனில் நெருக்கமான வீட்டுக்கு, குழாயைப் பக்கத்து வீட்டு மாடியை நோக்கித்தான் விட முடியும் என்கிறவர்களுக்கு வேண்டாம். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் குழாயின் முதல் மூன்றடி எதில், மூட்டு எந்தப் பக்கம் இறங்குகிறது, அடியில் துடைக்க மூடி உண்டா என்று கேளுங்கள். துண்டுகளை மூட்டுக்கு மூன்று திருகு போட்டு இணைக்கச் சொல்லுங்கள். ரிவெட் அடிக்க விட்டுவிட்டால் துடைப்பதற்குக் கழற்ற முடியாது.