முன்னறை ஆணிக்குப் போகும் காலண்டர் எது? குமரிக் கடைகள் தரும் தினசரி காலண்டர்கள்: ஒரு மதிப்பீடு

டிசம்பர் கடைசி வாரத்தில் குமரி மாவட்டத்து வீடு ஒன்றுக்கு நாலைந்து காலண்டராவது வந்து சேரும். நகைக்கடை ஒன்று தரும், ஜவுளிக்கடை ஒன்று, மாதச் சாமான் வாங்கும் மளிகைக்கடை ஒன்று, சீட்டுக் கம்பெனி ஒன்று. முன்னறையில் ஆணி ஒன்றுதான். அதில் எது தொங்குகிறதோ அந்தக் கடையின் பெயரை வீட்டார் வருடம் முழுக்கக் காலையில் எழுந்ததும் பார்ப்பார்கள். மற்றவை கட்டிலுக்கு அடியில் கிடக்கும்.

கடைக்காரர்கள் இங்கே ஆர்டர் கொடுக்கும் தினசரி காலண்டர் இரண்டு வகை. தமிழ்நாடு முழுமைக்கும் ஒரே தேதித்தாளை அச்சிட்டு, அட்டையில் மட்டும் கடைப்பெயரை மாற்றித் தருவது பொதுக் காலண்டர். தேதித்தாளிலேயே குமரி மாவட்டத்து நாட்களைச் சேர்த்து அச்சிடுவது மாவட்டக் காலண்டர். முதலாவது மலிவு. ஆனால் இந்த மாவட்டத்தில் அதற்குப் போட்ட காசில் பாதி வீண் என்றே சொல்ல வேண்டும். இரண்டாவதுதான் வாங்கத் தக்கது. என்றாலும் கடைகள் அதைச் சரிபார்க்காமல் வாங்கிக் கொடுப்பதால் வருகிற பிழைகள் கொஞ்சநஞ்சம் அல்ல.

2011 கணக்கெடுப்பின்படி மாவட்ட மக்கள்தொகை 18,70,374. இந்துக்கள் 48.65 விழுக்காடு, கிறிஸ்தவர்கள் 46.85, முஸ்லிம்கள் 4.20. இந்த மூன்று எண்ணோடு நின்றுவிட்டாலும் காலண்டர் தவறிவிடும். கத்தோலிக்கரில் மட்டும் நான்கு மறைமாவட்டம்: இலத்தீன் முறையில் கோட்டாறு (1930), குழித்துறை (2014), சீரோ மலபார் முறையில் தக்கலை, சீரோ மலங்கரை முறையில் மார்த்தாண்டம் (இரண்டும் 1996). அதற்கு அப்பால் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை), இரட்சணிய சேனை, பெந்தெகொஸ்தே சபைகள். இந்துக்களில், அய்யா வைகுண்டரைப் பின்பற்றும் அய்யாவழிக்காரர்களுக்குத் தனி வழிபாடு, தனி நாள். மேற்கே விளவங்கோடு பக்கம் மலையாளம் பேசுகிற வீடுகள். 1956 நவம்பர் 1 வரை, முதலில் திருவிதாங்கூரோடும் பிறகு திருவிதாங்கூர்–கொச்சியோடும் இருந்த மண் என்பதால், ஓணம் இங்கே இரவல் பண்டிகை அல்ல.

பொதுக் காலண்டர் முதலில் சறுக்குவது உள்ளூர் விடுமுறையில். மண்டைக்காடு அம்மன் கோயில் மாசிக் கொடை (திருவிழா), அய்யா வைகுண்டர் அவதார தினம், சிவராத்திரி, ஓணம், கல்லறைத் திருநாள், கோட்டாறு சவேரியார் திருவிழா, சுசீந்திரம் மார்கழித் தேர், தக்கலை பீர்முகம்மது அப்பா ஆண்டுவிழா ஆகியவற்றுக்கு ஆட்சியர் விடுமுறை விடுவது வழக்கம். பொதுத் தேதித்தாளில் இவற்றில் பெரும்பாலானவை கறுப்பு எழுத்துச் சாதாரண நாள். பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் உண்டா இல்லையா என்பதைக்கூடச் சொல்லாத காலண்டரை யார் முன்னறையில் மாட்டுவார்கள்?

மாவட்டக் காலண்டர் இதைச் சரிசெய்யப் போய் எதிர்ப்பக்கம் சாய்கிறது. எல்லாவற்றையும் அரசு விடுமுறை போலவே சிவப்பில் அச்சிடுகிறார்கள். உள்ளூர் விடுமுறை 1881-ஆம் ஆண்டு செலாவணி முறிச் சட்டத்தின் கீழ் வருவதல்ல. அன்று வங்கி திறந்திருக்கும், கருவூலம் குறைந்த ஆட்களோடு நடக்கும், ஈடாக ஒரு சனிக்கிழமை வேலை நாளாகும். சிவப்பைப் பார்த்து வங்கி இல்லை என்று நினைத்தவர் காசோலை போடும் நாளைத் தவறவிடுவார். மேலும், ஆட்சியர் உத்தரவு அந்தந்த நாளை ஒட்டித்தான் வரும். காலண்டரோ முந்தின நவம்பரிலேயே அச்சாகிவிடும். எனவே பச்சையிலோ நீலத்திலோ தனி நிறம் கொடுத்து, ‘உள்ளூர் விடுமுறை, வழக்கப்படி’ என்று ஒரு வரி போட்டால் போதும். இதைச் செய்கிற காலண்டர் மிகக் குறைவு.

நாள் கணக்குதான் இதில் நுணுக்கமான இடம். வைகுண்டர் அவதார தினம் மாசி 20, ஆங்கிலத் தேதி மார்ச் 3 அல்லது 4. மண்டைக்காடு கொடை மாசிக் கடைசிச் செவ்வாய். முந்தின வருடத் தாளை அப்படியே எடுத்து ஆங்கிலத் தேதியை வைத்து நிரப்பினால் இரண்டும் பிசகும். சவேரியார் திருவிழா பிசகாது. நவம்பர் 24 கொடியேற்றம், டிசம்பர் 3 நிறைவு. புனித தேவசகாயத்தின் திருநாள் ஜனவரி 14. 1752-ல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்ட நாள் அது. 2022 மே 15-ல் புனிதர் பட்டம் கிடைத்தது. போகியோ பொங்கலோ அதே தேதியில் வருவதால் தாளில் இடமில்லை என்று அவர் பெயரை விட்டுவிடுகிறார்கள். இந்த மண்ணில் பிறந்தவர், நட்டாலத்துக்காரர், அவர் பெயரைக் குமரி காலண்டரே விடுவது பொறுக்கக்கூடியதல்ல. ராகுகால வரியை ஒரு புள்ளி சிறிதாக்கினால் இடம் வந்துவிடும்.

ஈஸ்டருக்கு முந்தின நோன்புக் காலமான தவக்காலம் தொடங்கும் நாளும் அப்படித்தான். இலத்தீன் முறையாருக்குத் திருநீற்றுப் புதன். சீரோ மலபார், சீரோ மலங்கரை வீடுகளில் அதற்கு முந்தின திங்களே நோன்பு தொடங்கிவிடும். புதனை மட்டும் அச்சிட்ட காலண்டர் தக்கலை, மார்த்தாண்டம் பக்கத்தில் பல வீடுகளுக்கு இரண்டு நாள் தாமதம்.

மலையாள மாதத் தேதியைக் கட்டாயம் போட வேண்டும். நட்சத்திரம் பார்ப்பவர்களுக்கும், பழைய பத்திரங்களில் கொல்லம் ஆண்டை (மலையாள ஆண்டுக் கணக்கை) படிப்பவர்களுக்கும் அது தேவை. பிழை எங்கே வருகிறதென்றால், தமிழ்த் தேதியையே மலையாளத் தேதியாகவும் போட்டுவிடுகிறார்கள். சூரியன் ராசி மாறுவது அஸ்தமனத்துக்கு முன் என்றால் தமிழ் மாதம் அன்றே பிறக்கும். மலையாளக் கணக்கில் பகல் பொழுதின் ஐந்தில் மூன்று பங்குக்குள், அதாவது ஏறத்தாழ பிற்பகல் 1 மணி 12 நிமிடத்துக்குள் மாறினால்தான் அன்று, தாண்டினால் மறுநாள். அதனால் சில மாதங்களில் இரண்டும் ஒரு நாள் விலகி நிற்கும். 2023-ல் சித்திரை 1 ஏப்ரல் 14, மலையாள மேடம் 1 ஏப்ரல் 15. மேட மாதப் பிறப்பை ஒட்டிய விஷு பண்டிகைக்கு இன்னொரு கட்டும் உண்டு: ராசி மாறிய பிறகு வரும் விடியலில்தான் கணி காண்பது, அதாவது கண்விழித்ததும் மங்கலப் பொருட்களைப் பார்ப்பது. அதனால் 2022, 2023 இரண்டிலும் விஷு ஏப்ரல் 15. 2024, 2025-ல் தமிழ்ப் புத்தாண்டோடு சேர்ந்து 14. கேரள எல்லையில் களியக்காவிளையில் இருக்கிற கடை கொடுத்த காலண்டரில் விஷு ஒரு நாள் முன்னால் வந்தால், அந்த வீட்டில் அதற்குப் பிறகு எந்தத் தேதியையும் நம்ப மாட்டார்கள்.

இதைவிடக் கனமான பிழை ரம்ஜான் நோன்பு நேரத்தில் இருக்கிறது. பொதுத் தேதித்தாளில் சென்னை நேரத்தைப் போட்டிருப்பார்கள். நாகர்கோவில் சென்னைக்கு மேற்கே ஏறத்தாழ 2.8 பாகை தள்ளி இருக்கிறது. மார்ச் மாதத்தில் இங்கே சூரியன் மறைவது சுமார் 11 நிமிடம் பிந்தி. டிசம்பரில் வித்தியாசம் இன்னும் கூடும், ஜூனில் குறையும். எனவே ‘11 நிமிடம் கூட்டிக்கொள்க’ என்று ஒரே கணக்கு போடவும் முடியாது. சென்னை நேரத்தை நம்பி நோன்பு திறந்தால் சூரியன் மறையுமுன் திறந்ததாகும். ஒன்று, உள்ளூர் ஜமாஅத் தரும் நேரப் பட்டியலை வாங்கி அச்சிட வேண்டும்; இல்லையென்றால் அந்தக் கட்டத்தையே எடுத்துவிட வேண்டும். தவறான நேரம் போடுவதற்கு ஒன்றும் போடாமலிருப்பது மேல். ஹிஜ்ரி தேதிக்கு அருகில் ‘பிறை பார்ப்பதைப் பொறுத்தது’ என்ற வரியும் இருக்க வேண்டும்.

கடலோரக் கடைகளுக்கு ஒன்று. விசைப்படகு மீன்பிடித் தடைக்காலம் பொதுக் காலண்டரில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை என்று மட்டும் இருக்கும். அது கிழக்குக் கரைக்கு. இங்கே சின்னமுட்டத்துக்குப் பொருந்தும். குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம் மேற்குக் கரைக் கணக்கு: ஜூன் 1 முதல் ஜூலை 31. ஒரே மாவட்டத்தில் இரண்டு தடை என்பதால் இரண்டையும் கரைப்பெயரோடு போட வேண்டும். டீசல், வலை, மளிகை எல்லாவற்றின் வியாபாரமும் இந்த 61 நாட்களைச் சுற்றித்தான் நடக்கிறது.

சொற்களில் பொதுக் காலண்டர் மட்டமாகத் தேறுகிறது, மாவட்டக் காலண்டர் பரவாயில்லை. அம்மன் கோயிலுக்கும் சுடலைக்கும் கொடை, கத்தோலிக்கக் கோயிலுக்குத் திருவிழா, சி.எஸ்.ஐ. சபைக்கு அசனப் பண்டிகை (சபை விருந்து), தர்காவுக்குக் கந்தூரி. கத்தோலிக்கர் தவக்காலம் என்பதை சி.எஸ்.ஐ.க்காரர் லெந்து நாட்கள் என்பார். ரம்ஜான், பக்ரீத் என்று மட்டும் போடாமல் நோன்புப் பெருநாள், ஹஜ்ஜுப் பெருநாள் என்று போட்டால் அந்த வீட்டில் அது தங்கள் காலண்டர். இதற்குக் கூடுதல் செலவு ஒரு பைசா கிடையாது.

மலையாள எழுத்தில் கடைப்பெயர் போடுகிறவர்கள் கவனிக்க வேண்டியது எழுத்துருவை. யுனிகோடில் தட்டிய எழுத்தைப் பழைய எழுத்துருவுக்கு மாற்றும்போது சில்லெழுத்துகள் (தனி வடிவமுள்ள மெய்யெழுத்துகள்) உடைந்து, சந்திரக்கலையோடு (நம் புள்ளி போன்ற குறியோடு) தனியாக நிற்கும். மலையாளம் படிக்கத் தெரியாத வடிவமைப்பாளருக்கு அது கண்ணில் படாது. எழுத்துகளை வரைகோடாக மாற்றிய கோப்பை வாங்கி, மலையாளம் படிக்கிறவர் ஒருவரிடம் காட்டிய பிறகே ஒப்புதல் தர வேண்டும். வாட்ஸ்அப்பில் வரும் மங்கலான படத்தைப் பார்த்து ‘ஓகே’ சொல்வதுதான் பெரும்பாலான பிழைக்கு வேர்.

அட்டைக்கு வருவோம். ஒரே அட்டையில் மூன்று மதச் சின்னத்தையும் வரிசையாகப் போட்டு ‘எம்மதமும் சம்மதம்’ என்று எழுதுவது எளிய வழி. நடைமுறையில் அது எந்த வீட்டின் ஆணிக்கும் போவதில்லை. தேதித்தாள் எல்லாருக்கும் ஒன்றாக இருக்கட்டும், அட்டை மட்டும் நாலு வகையாக இருக்கட்டும் என்பதே இந்த மதிப்பீட்டின் முடிவு. செலவுக் கணக்கும் இதற்கே துணை: 365 தாளைத் தனியாகக் கோத்து அச்சிடுவதுதான் பாரம், அட்டைப் படம் மாற்றுவது அவ்வளவு இல்லை. சமூகத்துக்கொரு தேதித்தாள் என்று பிரிப்பது தேவையும் இல்லை. சவேரியார் திருவிழா நாட்களில் கோட்டாறு பக்கம் பஸ் எப்படிப் போகும் என்று எல்லாருக்கும் தெரிய வேண்டும். சிநேகிதன் வீட்டு முகூர்த்தம் எந்த நாள் என்று கிறிஸ்தவ வீட்டுக்கும் தெரிய வேண்டும்.

கோயில் படம் ஒன்று, மாதா படம் ஒன்று, வேத வசனம் மட்டும் உள்ளது ஒன்று, பத்மநாபபுரம் அரண்மனையோ திற்பரப்பு அருவியோ உள்ளது ஒன்று. இந்த நாலும் போதும். சி.எஸ்.ஐ., பெந்தெகொஸ்தே வீடுகளில் புனிதர் படம் மாட்ட மாட்டார்கள், வசனம் மாட்டுவார்கள். முஸ்லிம் வீட்டுக்கு உருவமில்லாத இயற்கைக் காட்சி பொருந்தும். அய்யாவழி வழிபாட்டு இடங்களான பதிகளில் சிலை கிடையாது, கண்ணாடிதான். அதனால் அய்யாவழி வீட்டுக்கும் பொதுவான சாமி படத்தைவிட இயற்கைக் காட்சியே மேல். எந்தப் படமானாலும் அட்டையோடு நிற்க வேண்டும். தேதித்தாளில் சாமி படமோ வசனமோ போட்டால், கிழித்த தாளைக் குப்பையில் போட மனம் வராமல் கிழிக்காமலே விட்டுவிடுகிறவர்கள் உண்டு. கிழிக்காத காலண்டர் கடைக்கு விளம்பரம் ஆகாது.

கொடுக்கும் இடத்தில் கடைகள் செய்யும் தவறு வேறு. பில் போடும் பையன் பெயரைப் பார்த்து ஊகித்து ஒரு அட்டையை எடுத்து நீட்டுவான். செல்வராஜ் என்றால் எந்தக் கோயிலுக்குப் போகிறவர் என்று இந்த மாவட்டத்தில் யாராலும் சொல்ல முடியாது. ஒரே குடும்பத்தில் இந்துவும் கிறிஸ்தவரும் இருப்பார்கள். நாலு அடுக்கையும் மேசையில் வைத்து, வாடிக்கையாளரே எடுத்துக்கொள்ள விட வேண்டும்.

தயாரிப்புத் தரம் இரண்டு வகையிலும் ஏறக்குறைய ஒன்றுதான். இரண்டு மழைக்காலம் உள்ள ஊர் என்பதால் பின்புறம் லேமினேஷன் இல்லாத அட்டை ஜூனில் வளையத் தொடங்கும். உப்புக் காற்றில் கம்பி துருப்பிடித்து அக்டோபர் வாக்கில் தாள்கட்டு கழன்று விழும். துருப்பிடிக்காத பூச்சுள்ள கம்பி கேட்டு வாங்க வேண்டும்.

ஆடிப்பெருக்கன்று சிவகாசியில் புது மாதிரி ஆல்பம் வந்துவிடும். அட்டையை அப்போதே தேர்ந்தெடுக்கலாம். தேதித்தாளுக்கு மட்டும் அரசு விடுமுறைப் பட்டியல் வந்த பிறகே ஒப்புதல் கொடுக்க வேண்டும். மாதிரி வந்ததும் முழுதும் படிக்க நேரமில்லாத கடைக்காரர் ஏழு தாளையாவது புரட்டிப் பார்க்கட்டும்: ஜனவரி 14, மாசி 20, மாசிக் கடைசிச் செவ்வாய், திருநீற்றுப் புதனுக்கு முந்தின திங்கள், ஏப்ரல் 15, ஜூன் 1, டிசம்பர் 3. இதில் இரண்டு தவறியிருந்தால் தாளைத் திருப்பி அனுப்பிவிடலாம். அது வேறு மாவட்டத்துக்குப் போட்ட தாள்.