ஏடிஎச்டி: மாத்திரையா, சிபிடியா, மைண்ட்ஃபுல்னஸா?

இரண்டு நிமிடம் சேர்ந்தாற்போல் உட்கார முடியாதவரிடம் போய் "மூச்சைக் கவனி" என்றால் எரிச்சல்தான் வரும். ஏடிஎச்டி (கவனம் சிதறும், பரபரப்பு அடங்காத கோளாறு) உள்ள பெரியவர்களுக்கு மைண்ட்ஃபுல்னஸா, அதாவது இந்த நொடியில் நடப்பதைக் கவனிக்கும் பயிற்சியா, என்ற சந்தேகம் நியாயமானதே.

வேகத்தில் மாத்திரையை மிஞ்ச எதுவும் இல்லை. ஏடிஎச்டிக்குத் தரப்படும் மெத்தில்ஃபெனிடேட் என்ற மருந்து பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் வேலையைக் காட்டும். மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருள் சட்டென்று திரும்ப உறிஞ்சப்படாமல் தடுக்கும். ஆனால் மருந்து இறங்கியதும் பலனும் இறங்கிவிடும். பசி குறையலாம், தூக்கம் கெடலாம்.

சிபிடி, அதாவது எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றக் கற்றுத்தரும் உளவியல் சிகிச்சை, இங்கே முழுக்க நடைமுறை சார்ந்தது: காலண்டர், பட்டியல், பெரிய வேலையைத் துண்டு போடுவது. 2010-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், மருந்து எடுத்தும் அறிகுறிகள் மிச்சமிருந்த 86 பேரில் ஒரு பாதிக்கு சிபிடியும், மறுபாதிக்குத் தளர்வுப் பயிற்சியும் தந்தார்கள். சிபிடிதான் ஜெயித்தது.

அதனால் மைண்ட்ஃபுல்னஸ் தோற்றுவிட்டது என்று நினைக்க வேண்டாம். அது வெறும் தளர்வு இல்லை. மனம் ஓடும், ஓடியதைக் கண்டுபிடித்துத் திரும்பக் கொண்டுவர வேண்டும். அந்தத் திரும்பல்தான் பயிற்சியே. அப்படிப் பார்த்தால், அடிக்கடி ஓடும் மனதுக்குப் பயிற்சி வாய்ப்பும் அதிகம்!

2008-இல் வெளியான ஆய்வில், மனநல மருத்துவர் லிடியா சிலோவ்ஸ்கா குழு நடத்திய 8 வார மைண்ட்ஃபுல்னஸ் பயிற்சியில் உட்காரும் நேரம் 5 நிமிடத்தில்தான் தொடங்கியது. அறிகுறிகள் குறைந்தன என்று பலர் சொன்னார்கள். ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு இல்லை. 2019-இல் நெதர்லாந்தில் 120 பேரை வைத்து அந்தக் குறையைச் சரிசெய்தார்கள்: வழக்கமான சிகிச்சையோடு மைண்ட்ஃபுல்னஸும் சேர்ந்தவர்களுக்குக் கூடுதல் பலன், அதுவும் ஆறு மாதம் கழித்தும். என்ன, மறுதரப்புக்குக் கூடுதலாக எதுவும் தரப்படவில்லை. வாராவாரம் கூடிப் பேசியதே பாதி பலனோ என்னவோ.

என் கணக்கு இதுதான். கெடு தவறுகிறது, பில் கட்ட மறக்கிறது என்றால் மருத்துவரிடம் மருந்து பற்றிப் பேசுங்கள், சிபிடியும் பாருங்கள். மைண்ட்ஃபுல்னஸ் உங்கள் படிவத்தை நிரப்பித் தராது. சட்டென்று பொங்கும் கோபம், நினைக்கும் முன்பே அனுப்பிவிடும் மெசேஜ், அப்புறம் இரவெல்லாம் தன்னையே திட்டிக்கொள்வது, இதெல்லாம்தான் தொல்லை என்றால் அதற்கு மைண்ட்ஃபுல்னஸ் பொருத்தம். அதை நம்பி மாத்திரையை நீங்களாக நிறுத்தக் கூடாது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. தினமும் பயிற்சி செய்ய வேண்டும் என்பதே ஏடிஎச்டி உள்ளவருக்கு மறந்துபோகும். அதை நினைவூட்ட சிபிடி சொல்லித்தரும் அலாரம்தான் வேண்டியிருக்கிறது.