தொடைக் கட்டி: வெட்டிச் சோதிப்பதா, சோதித்து வெட்டுவதா?

தொடையில் வலியில்லாத வீக்கம் என்றால் கடலூர் பக்கம் 'கொழுப்புக் கட்டிதான்' என்று விட்டுவிடுவார்கள். பெரும்பாலும் அது சரிதான். ஆனால் சர்கோமா என்ற அரிய சதைப் புற்றுக்கும் தொடக்கத்தில் வலி இருக்காது. கட்டி 5 செ.மீ.யைத் தாண்டினாலோ, ஆழத்தில் இருந்தாலோ, வளர்ந்துகொண்டே போனாலோ, எடுத்த இடத்தில் மறுபடி வந்தாலோ, கத்திக்கு முன் சோதனை வேண்டும்.

நேரே எடுத்துவிடுவது ஒரே நாளில் முடியும். தோலுக்கடியில் உருளும் சின்னக் கட்டிக்கு அது போதும். சர்கோமாவில்தான் வில்லங்கம். அதைச் சுற்றித் தெரியும் உறை பொய்யுறை. புற்றணுக்கள் அதிலேயே இருக்கும். நுங்கு தோண்டுவதுபோல் வழித்தெடுத்தால் அவை உள்ளேயே தங்கிவிடும். தொடையில் குறுக்காக வெட்டியிருந்தால் இன்னும் மோசம்: இரண்டாம் அறுவையில் கூடுதல் தோலும் சதையும் போகும்.

மெல்லிய ஊசியால் உறிஞ்சும் எஃப்.என்.ஏ.சி. மலிவு, முடிவும் சீக்கிரம் வரும். ஆனால் கிடைப்பது சிதறிய அணுக்கள் மட்டும். என்ன வகை, எவ்வளவு வீரியம் என்று உறுதியாகச் சொல்வது கடினம். முதல் சோதனையாக இதை நம்பி உட்காரக் கூடாது.

எங்கள் தேர்வு, தடித்த ஊசியால் சதைத்துணுக்கு எடுக்கும் ட்ரூகட் பயாப்சி. முதலில் எம்.ஆர்.ஐ.; ஊசி குத்திய பின் எடுத்தால் ரத்தக்கசிவு படத்தைக் குழப்பும். பிறகு மரத்துப்போகும் ஊசி போட்டு, 14 அல்லது 16 கேஜ் (ஊசியின் தடிமன் அளவு) ஊசியால் நான்கைந்து சதைத்துணுக்குகள். அவை போக வேண்டியது 10% ஃபார்மலினில். சலைனில் விட்டால் கெட்டுவிடும். குத்தும் இடத்தை அறுவை செய்யப்போகும் மருத்துவரே குறிக்க வேண்டும். 'ஊசி பட்டால் பரவும்' என்ற பயத்துக்குப் பதிலும் அதுதான்: ஊசி போன தடம் வெட்டுக்கோட்டில் அமைந்தால் கட்டியோடு சேர்ந்தே வெளியே வந்துவிடும். புற்றின் வகையை அறியும் சாயச் சோதனைகள் சேர்ந்தால் முடிவுக்கு ஓரிரு வாரம் ஆகலாம். அந்தக் காத்திருப்பு வீண் அல்ல. புற்று பரவியிருக்கிறதா என்று பார்க்கும் நுரையீரல் சி.டி. ஸ்கேன் அந்த இடைவெளியில் முடியும்.

சர்கோமா என்று உறுதியானால் கால் போய்விடுமோ என்று பதற வேண்டாம். பெரும்பாலோருக்குக் காலைக் காப்பாற்றியே கட்டியை அகற்றலாம். கதிர்வீச்சு தேவைப்பட்டால், அறுவைக்கு முன் 50 கிரே (கதிர்வீச்சின் அளவு), 25 தவணை. பின் என்றால் 60 முதல் 66 கிரே. முன்னே கொடுத்தால் காயம் ஆறுவதில் சிக்கல் கூடும். பின்னே கொடுத்தால் தசை இறுகி மூட்டு மடங்காமல் போகும் வாய்ப்பு கூடும். காயம் ஆறிவிடும், இறுகிய மூட்டு திரும்பாது. நடந்து பிழைப்பவருக்கு முன்னே கொடுப்பதே மேல்.

பலருக்கும் சர்கோமா எதனால் வந்தது என்று கண்டறிய முடிவதில்லை. பழைய கதிர்வீச்சு, சில பரம்பரைக் கோளாறுகள், பல்லாண்டுகளாக வற்றாத கைகால் வீக்கம் ஆகியவை பின்னணியில் இருக்கலாம். யானைக்கால் வீக்கத்தில் கருநீலத் திட்டு புதிதாகத் தெரிந்தால் தள்ளிப்போட வேண்டாம்.

ஏற்கெனவே எங்கோ எடுத்தாகிவிட்டது என்றால், புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையின் மண்டலப் புற்றுநோய் மையத்துக்கு வெறும் ரிப்போர்ட்டோடு போகாதீர்கள். எடுத்த சதையைப் பதித்த மெழுகு பிளாக், ஸ்லைடு, அறுவைக் குறிப்பு, பழைய ஸ்கேன் எல்லாவற்றையும் கேட்டு வாங்கிக்கொண்டு போங்கள்.