லைஃப் கோச்சிங்குக்குப் பணம் கட்டப் போகிறீர்களா? ஓடிபி சொல்வதற்கு முன் இதைப் படியுங்கள்

99 ரூபாய் வெபினாரில் தொடங்கி, உங்கள் பெயரில் பல்லாயிரம் ரூபாய்க் கடனில் முடிகிற வியாபாரம் ஒன்று 'பெர்சனல் கோச்' (வாழ்க்கையிலும் வேலையிலும் நினைத்ததை அடையத் துணைநிற்கும் பயிற்சியாளர்) என்ற பெயரில் நடக்கிறது. மாட்டிக்கொண்டவர்கள் சொல்வது பெரும்பாலும் ஒரே கதைதான்.

வெபினார் முடிந்ததும் 'இலவசமாக ஒருமுறை பேசுவோம்' என்று அழைப்பு வரும். பேசுவது கோச் அல்ல, கமிஷனுக்கு வேலை பார்க்கும் விற்பனையாள். சம்பளம் எவ்வளவு, கடன் எவ்வளவு, வீட்டில் என்ன சண்டை என்று அரைமணி நேரம் பொறுமையாகக் கேட்பார். பிறகு விலையைச் சொல்வார். "வீட்டில் கேட்டுச் சொல்றேன்" என்றால், "பாத்தீங்களா, முடிவெடுக்கத் தயங்குறதுதான் உங்க பிரச்சினையே" என்பார். அழைப்பைத் துண்டிக்க வேண்டிய இடம் இதுதான். மனம்விட்டுச் சொன்னதை வைத்தே உங்களை மடக்குகிறார்கள்.

கையில் பணம் இல்லை என்றால் 'வட்டியில்லா இஎம்ஐ' வரும். பான் எண், ஆதார், ஓடிபி. ஐந்து நிமிடத்தில் ஒரு நிதி நிறுவனத்தில் உங்கள் பெயரில் கடன் ஏறிவிடும், முழுத்தொகையும் பயிற்சி நிறுவனத்துக்குப் போய்விடும். உங்களுக்குக் கிடைப்பது பழைய வீடியோக்கள், ஒரு வாட்ஸ்அப் குரூப், வாரம் ஒருநாள் கூட்டத்தோடு கூட்டமாக ஜூம். கொஞ்ச நாளில் 'நீங்களும் கோச் ஆகலாம்' என்று அடுத்த பேக்கேஜை நீட்டுவார்கள்.

உண்மையான கோச்சின் வேலையே வேறு. முதலில் எழுத்தில் ஓர் ஒப்பந்தம்: எத்தனை அமர்வு, ஒவ்வொன்றும் எத்தனை நிமிடம், கட்டணம், ரகசியக் காப்பு, பாதியில் நிறுத்தினால் மீதிப் பணம் என்னவாகும். ஓர் அமர்வு பெரும்பாலும் 45 முதல் 60 நிமிடம். அதில் அதிகம் பேச வேண்டியவர் நீங்கள். "மேனேஜரிடம் பேசத் தைரியம் வரலை" என்று நீங்கள் சொன்னால், நல்ல கோச் தைரியத்தைப் பற்றிப் பிரசங்கம் செய்ய மாட்டார். "கடைசியா எப்போ பேசப் போனீங்க? வாசல்ல நின்னப்போ மனசுல என்ன ஓடுச்சு? இந்த வாரம் எந்த நாள் பேசப் போறீங்க?" என்று கேட்பார். முடிவு உங்களுடையது. அடுத்த அமர்வு அங்கிருந்துதான் தொடங்கும். சம்பளம் இரட்டிப்பாகும், திருமணம் சரியாகும் என்று உத்தரவாதம் தருவது கோச்சிங்கே அல்ல.

இந்தியாவில் கோச் ஆக எந்த உரிமமும் தேவையில்லை. யார் வேண்டுமானாலும் பலகை மாட்டலாம். அதனால் சான்றிதழை நீங்கள்தான் சரிபார்க்க வேண்டும். சர்வதேச அளவில் அதிகம் மதிக்கப்படுவது ஐசிஎஃப் (International Coaching Federation) என்ற கோச்சுகளின் அமைப்பு தருவது. அதில் முதல்நிலையான ஏசிசிக்கே 60 மணிநேரப் பயிற்சியும் 100 மணிநேரக் கோச்சிங் அனுபவமும் வேண்டும். அடுத்த நிலையான பிசிசிக்கு 500 மணிநேர அனுபவம், உச்சநிலையான எம்சிசிக்கு 2,500. சான்றிதழின் படத்தைப் பார்த்து நம்பாதீர்கள், ஐசிஎஃப் தளத்தில் பெயரைத் தேடுங்கள். 'இரண்டு நாள் சான்றிதழ்' எல்லாம் பயிற்சி நிறுவனமே அச்சடித்துக்கொண்டது.

இன்னொன்று, பணத்தைவிட முக்கியம். வாரக்கணக்கில் தூக்கமில்லை, சாக வேண்டும்போல் இருக்கிறது என்றால் அது கோச்சிடம் போகிற விஷயமே இல்லை. மனநல மருத்துவரிடமோ, ஆர்சிஐயில் (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவுபெற்ற மருத்துவ உளவியலாளரிடமோ போங்கள். அரசின் மனநல உதவி எண் டெலிமானஸ் 14416, இலவசம், தமிழிலும் பேசலாம். மாத்திரையை நிறுத்தச் சொல்கிற கோச்சிடம் ஒரு நிமிடமும் இருக்காதீர்கள்.

ஏற்கெனவே கட்டிவிட்டீர்களா? முதலில் கடனின் முக்கிய விவரத் தாளைத் (Key Facts Statement) திறங்கள். டிஜிட்டல் கடனுக்கு அதைத் தருவது ஆர்பிஐ விதிப்படி கட்டாயம். கடன் வேண்டாம் என்று திருப்பிக் கட்டிவிடும் அவகாசம் (cooling-off period) எத்தனை நாள் என்று அதிலேயே இருக்கும். அதற்குள் அசலையும் அந்த நாட்களுக்கான வட்டியையும் கட்டினால் அபராதமில்லாமல் வெளியேறலாம். நாள் தாண்டிவிட்டது என்பதற்காகக் கோபத்தில் இஎம்ஐயை நிறுத்தாதீர்கள். கடன் ஒப்பந்தம் தனி, அடிபடுவது உங்கள் சிபில் ஸ்கோர். பயிற்சி நிறுவனத்துக்கும் கடன் நிறுவனத்துக்கும் தனித்தனியாக மின்னஞ்சல் அனுப்புங்கள். போனில் பேசியதற்குச் சாட்சி கிடையாது. கடன் நிறுவனம் 30 நாளில் பதில் தராவிட்டால் ஆர்பிஐ குறைதீர்ப்பாளரிடம் போகலாம். பயிற்சி நிறுவனத்தின் மீது தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் சொல்லுங்கள். அதிலும் தீராவிட்டால் இரண்டு வருடத்துக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம். கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் மனுக் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. வெபினார் விளம்பரம், பேக்கேஜ் விவரம், வாட்ஸ்அப் உரையாடல் எல்லாவற்றையும் குரூப்பிலிருந்து உங்களை நீக்குவதற்கு முன்பே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.